நெறியாள்கை: முபாரிஸ்

படம் முடிந்துவிட்டது. ஒரு பெயர்கூட வரவில்லை.

முபாரிஸ் கடைசி இரண்டு நிமிடத்தை மூன்றாவது தடவையாகப் பின்னால் இழுத்துப் பார்த்தான். பதினாலு வயது இருக்கும், ஒரு பிள்ளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு களப்புத் தண்ணீருக்குள் நடந்து போகிறாள். தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது. ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் வழுக்கி ஓடுவார்களே, அப்படியொரு பட்டத்தின் நிழல் அவள்மேல் விழுந்து கடந்து போகிறது. அவள் திரும்பவில்லை. திரை கறுக்கிறது. எழுதியவர் யார், எடுத்தவர் யார், அந்தப் பிள்ளை யார், எதுவும் இல்லை.

மதுரங்குளிச் சந்தியில் முபாரிஸுக்குக் கலியாண வீடியோக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் வீடு. கற்பிட்டியில் மூடிப்போன ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய சாமான்களை எடுத்தபோது, சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள் இந்த ஹார்ட் டிஸ்க் கிடந்தது. வலீமா விருந்து வீடியோ ஒன்றைப் போட்டு வைக்க இடம் வேண்டி அழிக்கப் பார்த்தவன், எதற்கும் ஒருக்கால் பார்ப்போம் என்று திறந்தான். நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னத் துண்டுகள், வெறும் இலக்கங்களோடு. அவற்றுக்கு நடுவே எழுபத்தொரு நிமிடத்தில் ஒரு முழுப் படம்.

பெரிய கதை ஒன்றுமில்லை. மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து கடற்கரையோரம் ஓலைக் குடிசையில் இருக்கும் ஒரு குடும்பம். பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனிக் கடற்கரைக்குப் போகக்கூடாது என்கிறார்கள். அவளுக்கோ அந்தப் பட்டத்தை ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கெமரா அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்காமல், அவளுடைய நிழல்போலப் பின்னாலேயே போயிருந்தது. வசனம் குறைவு, காற்றுச் சத்தம் அதிகம். பார்த்து முடிந்த பிறகும் அந்தக் காற்று கடைக்குள் நின்றுகொண்டிருப்பதுபோல முபாரிஸுக்குத் தோன்றியது. ஃபேனை நிறுத்திப் பார்த்தான். இல்லை, படம்தான்.

இப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றுதான் அவன் கெமரா வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து மாப்பிள்ளைமார் கேக் வெட்டுவதையே எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஏதோ கருகும் மணம் வந்தது. திரும்பினான். கதவடியில் அகப்பையோடு அவனுடைய மனைவி அக்கீலா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"சோறு அடிப்பிடிச்சிட்டு," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தியா? சோத்தயே மறக்கப் பண்ற படம். ஆரோ பெரிய ஆள்தான் எடுத்திரிக்கணும். அந்த நிழல் விழுற இடம் இரிக்கே, அதுக்கு எத்தின நாள் காத்துக் கிடந்திருப்பான் தெரியுமா? உனக்கு விளங்காது. இதெல்லாம் தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் விளங்கும்."

"ஓம், எனக்கென்ன விளங்கும்," என்றாள் அக்கீலா. "இது எங்கயிருந்து கிடைச்சது உங்களுக்கு?"

அவன் சொன்னான். அவள் சட்டியைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் பத்து மணிக்கு சாஹுல் ஹமீது ஹாஜியார் வந்தார். சந்தியில் பெரிய ஹார்ட்வெயார் அவருடையது. ஊர்க் கலை இலக்கிய வட்டத்துக்குத் தலைவரும் அவரே. அவருடைய மகளின் கலியாண வீடியோ மூன்று மாதமாகப் பிந்திக் கிடந்தது.

"மகன், இண்டைக்கு நான் கையோட கொண்டு போகத்தான் வந்தன்," என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வீடியோவில் இன்னும் மாப்பிள்ளையே வந்து சேரவில்லை. முபாரிஸ் வேறு வழியில்லாமல், "ஹாஜியார், அதுக்கு முந்தி இத ஒருக்கால் பாருங்களேன்," என்று படத்தைப் போட்டுவிட்டான்.

ஐந்து நிமிடத்தில் எழும்பிவிடுவார் என்று நினைத்தான். அவர் எழும்பவில்லை. எழுபத்தொரு நிமிடமும் இருந்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"இது ஆரு எடுத்தது?"

தெரியாது என்று சொல்லத்தான் முபாரிஸ் வாயைத் திறந்தான்.

அதற்குள் ஹாஜியார் அவனுடைய கையைப் பிடித்துவிட்டார். "எனக்கு இப்பதான் விளங்குது. இதச் செஞ்சிக்கிட்டு இருந்ததாலதான் என்ட மகள்ற வீடியோ பிந்தினது, என்ன?"

எவ்வளவு வசதியான கேள்வி! முபாரிஸ் தலையை மட்டும் ஆட்டினான், அதுவும் கொஞ்சமாக.

அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"நீங்க எடுத்ததெண்டு சொன்னீங்களா?" என்று கேட்டாள் அக்கீலா. மூன்று வயது மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க சொன்னன்? தலைய ஆட்டினன்."

"இல்லெண்டு சொல்லிடுங்களேன். இப்பவே சொன்னா ஒண்டுமில்ல."

"சொன்னா வீடியோவக் கேப்பார். எடுத்தவன் எங்க இரிக்கானோ, இரிக்கானோ இல்லையோ. அவனுக்கென்ன நட்டம்?"

அக்கீலா மகளின் தலையில் சீப்பை அப்படியே வைத்துக்கொண்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சீவத் தொடங்கினாள்.

கலை இலக்கிய வட்டம் படத்தை மண்டபத்தில் போட முடிவெடுத்தது. போஸ்டர் எழுதக் கூடியபோது "இயக்கம்: முபாரிஸ்" என்று போடலாமென்றார் ஒருவர்.

ஹாஜியார் பதறினார். "இயக்கம் எண்டு போட்டா, எந்த இயக்கம் எண்டு கேட்டுக்கொண்டு பொலிஸ் வரும். நெறியாள்கை எண்டு போடுங்க."

நெறியாள்கை: முபாரிஸ். அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் கமறியா டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அந்தப் புள்ள ஆரு, தம்பி? மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பரிசு குடுக்க வேணாமா?"

"அவ... வெளிநாட்டுக்குப் போயிட்டா, டீச்சர்."

"எந்த நாடு? குவைத்தா? என்ட தங்கச்சி அங்கதான். நம்பரத் தாங்க, கோல் எடுப்பம்."

"குவைத் இல்ல. கட்டார்."

"கட்டார்ல என்ட மருமகன்," என்றார் ஹாஜியார் சந்தோஷமாக. "இப்பவே கதைக்கலாம்."

அவர் போனை எடுத்தார். முபாரிஸுக்கு உலகத்தில் ஹாஜியாருக்குச் சொந்தக்காரர் இல்லாத இடம் ஒன்று வேண்டியிருந்தது. ஒரேயொரு இடம்தான் ஞாபகம் வந்தது.

"அவ மௌத்தாகிட்டா," என்றான்.

சாவு என்றதும் ஹாஜியார் போனைக் கீழே வைத்தார். "எப்பிடி?" என்று கமறியா டீச்சர் மெல்லக் கேட்டார்.

"கடல்ல."

"பேரு?"

படத்தில் ஓரிடத்தில், யாரோ ஒரு பெண் தூரத்திலிருந்து அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது காற்றில் பாதி கரைந்து கேட்கும். முபாரிஸுக்கு அதுதான் வாயில் வந்தது. "பஹ்மா."

"இன்னாலில்லாஹி," என்றார் ஹாஜியார்.

அடுத்த நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு பஹ்மாவுக்காக யாசீன் ஓதினார்கள். முபாரிஸும் முன் வரிசையில் உட்கார்ந்து ஓதினான். வீட்டுக்கு வந்தபோது அக்கீலா, "ஆருக்கு ஓதினது?" என்று கேட்டாள். சொன்னான். அவளுக்குப் புரைக்கேறி, குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"மௌத்தாக்கிட்டீங்களா அந்தப் புள்ளய?"

"நான் என்ன செய்ய? போனக் கையில எடுத்திட்டாரு!"

"நாளைக்காவது போய் உள்ளதச் சொல்லுங்க."

"யாசீன் ஓதின பிறகா? அடிச்சே கொண்டு போட்டிடுவாங்க."

அது அவள் இரண்டாவது தடவை சொன்னது.

வியாழக்கிழமை நண்பகல். சந்தியில் வெயிலுக்கு ஒரு குருவிகூட இல்லை. மண்டபத்துக்குப் பிரதி எடுக்க முபாரிஸ் படத்தைத் திறந்தான். எழுபத்திரண்டு நிமிடம் என்று காட்டியது.

எழுபத்தொன்று அல்லவா? தான்தான் பிழையாகப் பார்த்தோமோ என்று கடைசிக்கு ஓடவிட்டான். பிள்ளை தண்ணீருக்குள் நடந்தாள். நிழல் கடந்தது. திரை கறுத்தது. முடியவில்லை. கறுப்புக்குள் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. பிறகு முகம். அதே பிள்ளை, அதே வயது, ஈரமான முக்காடு, நேராக அவனைப் பார்த்துக்கொண்டு.

"நான் இன்னும் போகல்ல," என்றாள்.

முபாரிஸ் கதிரையோடு விழுந்தான். எழும்பி வெளியே ஓடி, வெயிலில் நின்றான். எதிர்க்கடைக்காரர், "என்ன முபாரிஸ், பாம்பா?" என்று கேட்டார். ஓம் என்றான். அந்தக் கிழமை அவன் சொன்ன எல்லாவற்றிலும் அதுதான் சின்னப் பொய்.

கடைக்குள் வெளியாள் யாரும் வரவில்லை. விண்ணப்பம் டைப் பண்ணக் காலையில் அக்கீலா கொஞ்ச நேரம் இருந்தாள், அவ்வளவுதான். அவளைக் கேட்டான்.

"ஆரும் வரல்லயே," என்றாள். "ஏன், முகமெல்லாம் வெளுத்துப் போயிரிக்கி?"

"படத்தில இல்லாத ஒரு சீன் வந்திரிக்கி. மௌத்தானவ கதைக்கிறா."

"நீங்கதானே மௌத்தாக்கினது," என்றாள் அக்கீலா. "அவக்குக் கோவமா இரிக்கும்."

அவன் அந்தக் கடைசி ஒரு நிமிடத்தை வெட்டி எறிந்தான். ஆயத்துல் குர்ஸி ஓதித் திரைமேல் ஊதினான். கடையைப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு திறந்தபோது எழுபத்துமூன்று நிமிடம் இருந்தது.

இந்தத் தடவை பிள்ளை கவிழ்த்துப் போட்ட தோணி ஒன்றின்மேல் இருந்தாள். தலைமுடி விரிந்து கிடந்தது. கண்ணில் தண்ணீர்.

"என்னத்துக்கு வெட்டுறீங்க?" என்று கேட்டாள். "வெட்டினா வளராதா?"

முபாரிஸ் டிஸ்க்கைப் பிடுங்கி ஒரு பையில் சுற்றி, மோட்டார் சைக்கிளை எடுத்தான். ஆலங்குடாவுக்கே கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிடுவது என்று முடிவு. வழி நெடுகப் பை முதுகில் தட்டித் தட்டி வந்தது, யாரோ பின்னால் இருந்து தோளைத் தொடுவதுபோல.

ஆலங்குடாக் கரையில் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கடலில் நாலைந்து பட்டங்கள் சத்தமில்லாமல் அங்குமிங்கும் போயின. ஒன்றின் நிழல் மணலில் ஊர்ந்து வந்து அவன்மேல் ஏறிப் போனது.

கரையில் எமிலியா என்ற மீன்காரி ஒருத்தி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். எறிவதற்கு முன் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம் என்று, போனில் எடுத்து வைத்திருந்த பிள்ளையின் முகத்தைக் காட்டினான்.

"அக்கா, இந்தப் புள்ளயத் தெரியுமா?"

எமிலியா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "ஐயோ, இது பஹ்மா எல்லோ!"

பெயரும் சரி. "இப்ப எங்க அவ?"

"அவ போயிட்டாளே, தம்பி. போய் நாலு வருசம்." எமிலியா பெருமூச்சு விட்டாள். "நல்ல பிள்ள. அவ போன பிறகு இந்தப் பக்கமே வெறிச்செண்டு போச்சு."

"எப்பிடிப் போனா?"

"எல்லாரும் போற மாதிரித்தான். வெள்ளை உடுத்தி, முகத்த மூடி. ஊரே கூடி அழுது அனுப்பி வெச்சது. நான் குனிஞ்சு நெத்தியில கொஞ்சினன். கையெல்லாம் ஐஸ் மாதிரிக் கிடந்தது பிள்ளைக்கு."

"அல்லாஹ்வே."

"ஏழாம் நாள் வந்தாள்."

"ஆரு?"

"அவதான். சிரிச்சுக்கொண்டு வந்தாள். இந்தா, நீங்க நிக்கிற இடத்தில நிண்டுதான் பாரை மீன் கேட்டவள்."

முபாரிஸ் அந்த இடத்திலிருந்து துள்ளி விலகினான். எறிய வந்த பையை எறியவும் மறந்து, மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினான். எமிலியா பின்னால் ஏதோ கூப்பிட்டுச் சொன்னாள். காற்று அதைக் கடல் பக்கம் கொண்டு போய்விட்டது.

அன்று பின்னேரம் உண்மையைச் சொல்லிவிடத்தான் அவன் ஹாஜியாரிடம் போனான். ஹாஜியார் அவனைக் கண்டதும் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். 'மர்ஹூமா பஹ்மா ஞாபகார்த்த விருது' என்று பொன் எழுத்தில் இருந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் இருவர் வருகிறார்களாம். முபாரிஸ் பலகை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான்.

"சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் அக்கீலா. அது மூன்றாவது தடவை.

"நாளைக்குப் படம் முடியட்டும். பிறகு பாப்பம்."

"சரி," என்றாள். "அப்ப படம் முடியட்டும்."

அன்று அவன் மேலதிகத் துண்டுகளையெல்லாம் வெட்டி, எழுபத்தொரு நிமிடத்தைச் சின்னதொரு பென்டிரைவில் ஏற்றி, அதைச் சேட்டுப் பையில் வைத்து ஊசி குத்தினான்.

சனிக்கிழமை பகல் மண்டபத்தில் லெப்டொப்பைப் பொருத்தி, பென்டிரைவைச் செருகி, படத்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தான். எழுபத்தொன்று. ஒரு செக்கன்கூட அதிகமில்லை. லுஹர் தொழப் போகும்போது அக்கீலாவையும் மகளையும் அதற்குக் காவல் வைத்தான். "ஆரையும் கிட்ட எடுக்காத," என்றான். "நான் பாத்துக்கிறன்," என்றாள் அவள்.

மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யன்னல்களைக் கறுப்புச் சீலையால் மூடினார்கள். கொழும்பு ஆட்கள் இருவரும் படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை. தாங்களும் துரத்தப்பட்டு வந்து இருந்த ஓலைக் குடிசையை, நின்ற தண்ணீர் வரிசையைத் திரையில் கண்டவர்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் இருட்டுக்குள் கேட்டது. இதை எடுத்தவன் இப்போது இங்கே இருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று முபாரிஸ் முதல் தடவையாக நினைத்தான். வெட்கமாக இருந்தது.

பிள்ளை தண்ணீருக்குள் நடந்தாள். நிழல் கடந்தது. திரை கறுத்தது.

முபாரிஸ் எழும்பி மைக்கைக் கையில் எடுத்தான். அதற்குள் கறுப்புக்குள்ளிருந்து காற்றுச் சத்தம் தொடங்கியது.

"இல்ல," என்றான் முபாரிஸ். மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

பிள்ளையின் முகம் திரையை நிறைத்தது. இமைக்காமல் பார்த்தாள்.

"பொய் சொல்லாதீங்க," என்றாள். "நான் பாத்துக்கிட்டுதான் இருந்தன்."

கமறியா டீச்சர் சத்தமாக ஓதத் தொடங்கினார். யாரோ யன்னல் சீலையை இழுத்தார்கள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில், மண்டபத்தின் பின் கதவடியில், கறுப்பு அபாயாவோடு ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. முகம் திரையில் இருந்த அதே முகம், பத்து வயது கூடியது மட்டும்தான்.

"பஹ்மா!" என்று ஒரு குரல் வீறிட்டது.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. கதிரைகள் விழுந்தன. ஹாஜியார் விருதுப் பலகையை நெஞ்சுக்கு நேரே கேடயம்போலப் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே குந்தினார். பின் கதவில் அந்தப் பெண் நின்றதால் அந்தப் பக்கமும் போக முடியாமல், ஆட்கள் நடுவில் வந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே நடுவழியால் மெல்ல மேடையை நோக்கி நடந்து வந்தாள்.

"கிட்ட வராத!" என்று மைக்கில் கத்தினான் முபாரிஸ். "நான் சொல்லிடுறன்! நான் எடுக்கல்ல! இந்தப் படத்த நான் எடுக்கல்ல! பழைய டிஸ்க்ல கிடந்தது. உன்னய மௌத்தாக்கினதும் நான்தான், கட்டார்ல ஹாஜியார்ர மருமகன் இருந்ததால! இத எடுத்தவன் ஆரெண்டு எனக்குத் தெரியா. ஆனா நான் என்ட வாழ்க்கையில இப்பிடி ஒரு படம் எடுத்ததும் இல்ல, எடுக்கப் போறதும் இல்ல. என்னய மன்னிச்சு விட்டிடு!"

மண்டபம் அடங்கியது.

பஹ்மா மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். "எனக்கொண்டும் ஆகல்ல, நானா," என்றாள், சொந்த அண்ணனிடம் பேசுவதுபோலக் கொஞ்சம் சங்கடத்தோடு. "நான் கலியாணம் முடிச்சு நுரைச்சோலைக்குப் போனன். அவ்வளவுதான்."

"அப்ப யாசீன் ஓதினது ஆருக்கு?" என்று மேடைக்குக் கீழிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது.

முபாரிஸ் அவளுடைய காலைப் பார்த்தான். தரையில் நன்றாகப் பதிந்திருந்தது. சேற்றுச் செருப்பு. "அப்ப... அந்தப் புதுச் சீனெல்லாம்? நீ பதினாலு வயசில இரிக்கிறியே?"

"அதெல்லாம் அப்பவே, கற்பிட்டில அந்த நிறுவனம் கெமரா படிப்பிச்ச காலத்தில எடுத்ததுதான். நீளம் எண்டு வெட்டிப் போட்ட துண்டுகள். உம்மா என்ட முடிய வெட்டுற சீனொண்டு, நான் ஒளிச்சிருந்து பாக்கிற சீனொண்டு. டைரக்டர்தான் இப்ப எடுத்து ஒட்டியிரிக்காங்க. என்னயும் இண்டைக்கு வரச் சொன்னது அவங்கதான்."

"டைரக்டரா?" முபாரிஸ் திரையைத் திரும்பிப் பார்த்தான். "அவரு இரிக்காரா? எங்க இரிக்காரு?"

பஹ்மா குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பெண்கள் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தா, முன் வரிசையில, உங்கட மகள மடியில வச்சுக்கிட்டு."